பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி ஜீவனாம்சம் கேட்க முடியுமா?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியக்கூடிய விஷயங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 33 வயது. கல்யாணமாகி 11 வருஷம். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணவர் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். 22 மிஷின் ஓடுகிறது, ஆனால் எல்லாம் கொழுந்தனார் பெயரில். இரண்டே கால் வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு என்னையும் குழந்தையையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தேன். அப்புறம் பெரியவர்கள் கூடிப் பேசி 2 லட்சம் கொடுத்து, 'இருவரும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம், இனி ஜீவனாம்சம் எதுவும் கேட்க மாட்டேன்' என்று 100 ரூபாய் பத்திரத்தில் எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். இப்போது நான் அவரை விட்டுப் போய்விட்டதாக விவாகரத்து கேட்டு கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. நான் ஒரு நர்சரி பள்ளியில் 9,500 சம்பளத்துக்குப் போகிறேன். வேலைக்குப் போகிறவளுக்கு ஜீவனாம்சம் கிடையாது என்கிறார்கள். 5 லட்சம் தருகிறேன், ஒரேயடியாக முடித்துக்கொள்ளலாம் என்று ஆள் விடுகிறார். அண்ணன் வாங்கிக்கொள் என்கிறார். கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, விடவும் மனம் வரவில்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், யூனிட்டில் டெலிவரி செலான் எழுதுவது, சனிக்கிழமை சம்பளம் பிரித்துக் கவரில் போடுவது எல்லாம் ஒன்பது வருஷம் நீங்கள்தான் பார்த்தீர்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலைக்கு ஒரு ஆளை வைத்திருந்தால் மாதம் எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று திருப்பூர்க்காரரான அவருக்கே தெரியும். உங்களுக்கு அவர் கொடுத்த சம்பளம் எவ்வளவு? அதனால் கூச்சத்தைத் தள்ளி வையுங்கள். விஷயத்துக்கு வருவோம்.

அந்தப் பத்திரம் உங்களைப் பயமுறுத்துகிற அளவுக்குப் பலமுள்ளது இல்லை. முதலில், அது விவாகரத்தே கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் 20 பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நோட்டரி முத்திரை குத்தியிருந்தாலும், இந்து திருமணச் சட்டப்படி நடந்த கல்யாணத்தைக் கோர்ட்தான் ரத்து செய்ய முடியும். சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துவிடுவதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். உங்கள் கணவரே கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து கேட்டிருக்கிறார். பத்திரத்தால் ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அவரே நம்பியிருந்தால் எதற்கு வழக்கு?

'ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்' என்ற வரியும் அப்படித்தான். மனைவி பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காகச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமையை எழுதிக் கொடுத்து இழக்க முடியாது, அப்படி எழுதி வாங்குவது பொது நலனுக்கு விரோதம் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. உங்கள் மகளின் பங்கையோ நீங்கள் நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. அது உங்களுடையதே இல்லை, அவளுடையது. ஆனால் வாங்கிய 2 லட்சத்தை மறைக்காதீர்கள். மனுவில் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், அது எதற்குச் செலவானது என்பதோடு. நீங்கள் சொல்லாமல் அவர் சொன்னால் அது வேறு மாதிரி கேட்கும்.

அந்தப் பத்திரத்தில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய வார்த்தை 'மனமொத்து' என்பதுதான். ஜீவனாம்சம் கேட்க வழி தரும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (சிஆர்பிசி) 125-ம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் (பிஎன்எஸ்எஸ்) 144-ம் பிரிவாக மாறியிருக்கிறது. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு: இருவரும் சம்மதித்துத் தனித்தனியாக வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது. பத்திரம் எழுதியவர் விவரம் தெரிந்துதான் அந்த வார்த்தையைப் போட்டிருப்பார். ஆனால் அவருடைய விவாகரத்து மனுவை எடுத்துப் படியுங்கள். நீங்கள் காரணமில்லாமல் விட்டுப் போனதாக அதில் சொல்கிறார். அந்தக் காரணத்தில் விவாகரத்து கேட்க இரண்டு வருஷப் பிரிவு வேண்டும், அது முடியும் வரை காத்திருந்து தாக்கல் செய்திருக்கிறார். பத்திரத்தில் 'மனமொத்துப் பிரிந்தோம்', மனுவில் 'காரணமில்லாமல் போய்விட்டாள்'. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. குறுக்கு விசாரணையில் அவர் எந்தப் பக்கம் நின்றாலும் மறுபக்கம் இடிக்கும்.

மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கு ரசீது தந்திருப்பார்கள், சி.எஸ்.ஆர். என்பார்கள். அதைத் தேடுங்கள். நீங்களாகப் போகவில்லை, வெளியே தள்ளப்பட்டீர்கள் என்பதற்கு, பத்திரத்துக்கும் முந்தைய தேதியில் இருக்கிற ஒரே காகிதம் அதுதான். தொலைந்திருந்தால் ஸ்டேஷனில் நகல் கேட்கலாம். ஒருவேளை நீங்கள்தான் விட்டுப் போனீர்கள் என்று விவாகரத்தே ஆகிவிட்டாலும், மறுமணம் செய்துகொள்ளாத வரை 144-ம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2000-லேயே இதைச் சொல்லியிருக்கிறது.

சம்பள விஷயம். 'வேலைக்குப் போகிறவளுக்கு ஜீவனாம்சம் கிடையாது' என்பது டீக்கடைச் சட்டம். உங்கள் வருமானத்தில் உங்களால் வாழ முடிகிறதா என்பதுதான் கேள்வி. அதிலும், எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பதை வாழ்க்கை என்று கோர்ட் எடுத்துக்கொள்வதில்லை. கணவர் வீட்டில் எப்படி இருந்தீர்களோ, கிட்டத்தட்ட அந்த நிலையில் இருக்க முடிகிறதா என்று பார்க்கும். சம்பாதிக்கத் தகுதி இருப்பது வேறு, சம்பாதித்துக்கொண்டிருப்பது வேறு என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 9,500 ரூபாய் உங்களுக்கு வரும் தொகையைக் குறைக்கலாம், மனுவையே தள்ளுபடி செய்துவிடாது. தயவுசெய்து கேஸுக்காக வேலையை விடாதீர்கள். 'வேலையை விட்டுவிடு, அப்போதுதான் கிடைக்கும்' என்று யோசனை சொல்கிறவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டை எதிர்த்தரப்பு வரவழைத்தால் உங்கள் வாக்குமூலம் முழுவதும் அன்றைக்கே படுத்துவிடும்.

எங்கே, எந்த மனு? விவாகரத்து வழக்கு திருப்பூரில் நடப்பதால், அதே வழக்கில் இந்து திருமணச் சட்டம் 24-ம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்டு ஓர் இடைமனு போடுங்கள். மகளுக்கு 26-ம் பிரிவு. 24-ம் பிரிவில் 'மனமொத்துப் பிரிந்தால் கிடையாது' என்ற விதிவிலக்கே இல்லை என்பதால் அந்தப் பத்திரம் அங்கே அவருக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது. ஆனால் இந்த மனுவின் ஆயுசு விவாகரத்து வழக்கின் ஆயுசுதான். ஜீவனாம்சம் போட்டுவிட்டார்கள் என்றதும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் 144-ம் பிரிவில் தனியாக ஒரு மனுவும் இருக்கட்டும். அதை நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்துக்குரிய கோர்ட்டிலேயே போடலாம், திருப்பூருக்கு அலைய வேண்டாம். ஒன்றைப் போட்டிருப்பதை இன்னொன்றில் சொல்லிவிட வேண்டும். இரண்டிலும் உத்தரவு வந்தால் ஒன்றை இன்னொன்றில் கழித்துக்கொள்வார்கள், இரட்டிப்பாகக் கிடைக்காது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன் கீழும் உங்களுக்கு வழி உண்டு, ராத்திரி நேரத்தில் வெளியே தள்ளியது அதற்குள் வரும். ஆனால் மூன்று கோர்ட்டில் மூன்று வாய்தாவுக்கு ஒரு நர்சரி டீச்சரால் லீவு போட முடியாது என்பது என் அனுபவம். திரும்பவும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை வேண்டும் என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரஜ்னேஷ் - நேஹா என்ற வழக்கில் 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, ஜீவனாம்சத்தை மனு தாக்கல் செய்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். உத்தரவு ஒன்றரை வருஷம் கழித்து வந்தாலும் பணம் மனுப் போட்ட நாளிலிருந்து ஓடும். நீங்கள் மனுப் போடாமல் இருந்த இரண்டே கால் வருஷம் போனது போனதுதான். இனிமேல் நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு மாதமும் அதோடு சேரும்.

எல்லாம் கொழுந்தனார் பெயரில் இருக்கிறதே என்ற உங்கள் பெரிய கவலைக்கும் அதே தீர்ப்புதான் மருந்து. அந்த வழக்கில் இடைக்கால ஜீவனாம்சத்துக்கே ஏழு வருஷம் இழுத்தார்கள். அதைப் பார்த்துத்தான், இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்று ஒரு படிவத்தையும் கொடுத்தார்கள். அவர் நாலு வாரத்துக்குள் போட வேண்டும். அதில் பொய் சொன்னால் பொய் சாட்சியத்துக்கு நடவடிக்கை எடுக்கச் சொல்லி மனுச் செய்யலாம்.

சரி, அவர் என்ன எழுதுவார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். 'நான் என் தம்பியின் யூனிட்டில் மேஸ்திரியாக இருக்கிறேன், மாதச் சம்பளம் 15,000, வயதான தாயார் என் பொறுப்பில் இருக்கிறார்.' சொந்தத் தொழில் செய்கிறவர்கள் வழக்கில் இந்த மூன்று வாக்கியத்தையும் நான் எத்தனை முறை படித்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. இதை உடைக்க நீங்கள் அவருடைய வருமானத்தைக் காசு சுத்தமாக நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் வாழும் வாழ்க்கைக்கு 15,000 ஒத்துவராது என்று காட்டினால் போதும், மிச்சத்தை நீதிபதி ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு வழக்கு. கணவர் தன் அண்ணன் கடையில் 8,000 சம்பளம் என்று சத்தியம் செய்தார். கூண்டில் ஏறியதும் காருக்குத் தவணை எவ்வளவு என்று கேட்டேன். 14,200 என்றார். நல்ல மனிதர், பொய்யை யோசித்து வைத்திருந்தாரே தவிர அதைக் கூட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தவணைக்காக பேங்கில் கொடுத்த கடன் விண்ணப்பத்தை வரவழைத்தோம். மாத வருமானம் 70,000 என்று அவரே கைப்பட எழுதியிருந்தார். கோர்ட்டில் ஏழையாக இருப்பவர்கள் பேங்கில் பணக்காரர்களாக இருப்பார்கள். உங்கள் கணவர் மிஷின் வாங்க, வண்டி வாங்க, வீடு கட்ட எங்கே கடன் வாங்கினார் என்று உங்களுக்குத் தெரியும். வங்கியின் பெயரும் கிளையும் போதும், ஆவணத்தைக் கோர்ட் மூலம் கேட்கலாம்.

அப்புறம், வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எழுதிய செலான் புத்தகத்தின் கார்பன் நகல், சம்பளக் கவர் கணக்கு எழுதிய நோட்டு ஏதாவது பழைய பைக்குள் கிடக்கிறதா? அதில் அவர் கையெழுத்து ஓர் இடத்திலாவது இருந்தால் அது தங்கம். மகளின் பள்ளிக் கட்டணத்தை அவர் கட்டிய ரசீது. எல்.ஐ.சி. பிரீமியம். யூனிட் கட்டட வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? கரண்ட் பில் யார் கட்டுகிறார்? ஜிஎஸ்டி எண் ஒரு பில்லில் இருந்தால், அது யார் பெயரில் என்பதை ஜிஎஸ்டி இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். யூனிட் தம்பியுடையதாகவே பதிவாகியிருந்தாலும் துணி கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் யாரோடு வாட்ஸ்அப்பில் ரேட் பேசுகிறார்கள் என்பது இருக்கிறதே. உங்களுக்கு அவ்வப்போது ஜிபேயில் 2,000 அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள், அந்த வரலாற்றை அழித்துவிடாதீர்கள். எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தாலே ஒரு நூல் கிடைத்துவிடும். ஆனால் அவருடைய போனைத் திறப்பது, பாஸ்வேர்டு போட்டு அவர் மெயிலுக்குள் போவது எல்லாம் வேண்டாம். அது உங்கள் மேலேயே ஒரு கேஸாகத் திரும்பும்.

உங்கள் பிரமாணப் பத்திரத்திலும் இதே கவனம் வேண்டும். மாதச் செலவு என்று உணவு 20,000, உடை 10,000 என உருண்டையாக எழுதிக் கொண்டுவருவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் 'உங்கள் வீட்டில் எத்தனை லிட்டர் பால் வாங்குகிறீர்கள்' என்று ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் அது நொறுங்கும். ஒரு மாதம் உட்கார்ந்து உண்மையான செலவை எழுதுங்கள். அம்மா வீட்டில் வாடகை இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், ஆனால் மளிகைக்கு அண்ணன் எவ்வளவு போடுகிறார் என்பதையும் எழுதுங்கள். அண்ணன் தங்கையைத் தாங்குவது அவருடைய நல்ல மனசு. கணவரின் கடமையை அது தீர்த்துவிடாது.

எவ்வளவு கிடைக்கும்? எல்லோரும் கேட்கும் கேள்வி, எந்த வக்கீலும் உறுதி சொல்லக் கூடாத கேள்வி. 2017-இல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து 'நாலில் ஒரு பங்கு' என்று ஒரு பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது. அது சூத்திரம் இல்லை. அந்த வழக்கிலேயே, கணவருக்கு இன்னொரு குடும்பமும் இருப்பதைப் பார்த்து 23,000-ஐ 20,000 ஆக்கினார்கள். உங்கள் கணக்குப்படி அவருக்கு மாதம் ஒன்றே கால் லட்சம் நிற்கிறது. கோர்ட் அதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக, 60,000-ஐ நம்பினால்கூட நாலில் ஒரு பங்கு 15,000. உங்கள் சம்பளத்தைப் பார்த்து அது கொஞ்சம் இறங்கலாம், மகளின் செலவு தனியாகச் சேரலாம். இதைக் கணிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அடுத்து வரும் கணக்குக்காகச் சொன்னேன்.

அவர் தருவதாகச் சொல்லும் 5 லட்சம். உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்து மாதம் 12,000 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 1,44,000. 5 லட்சம் மூன்றரை வருஷத்தில் தீர்ந்துவிடும். அப்போது மகள் ஆறாம் வகுப்பில் இருப்பாள். உங்களுக்கு 37 வயதுகூட ஆகியிருக்காது. மாதாமாதம் வருவதில் இன்னொரு நன்மை, விலைவாசி ஏறினால், அவள் காலேஜ் போனால், கூட்டிக் கேட்டு மனுப் போடலாம். மொத்தமாக வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது.

அதற்காக மொத்தத் தொகையே தப்பு என்று சொல்லவில்லை. வருமானத்தை மறைக்கிற ஆளிடம் மாதாமாதம் வசூல் செய்வது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். நல்ல தொகை கையில் வந்து, திரும்ப அவர் முகத்தில் விழிக்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை நீங்கள்தான் மதிப்பிட முடியும். என் ஆட்சேபணை தொகையைப் பற்றியது, நேரத்தைப் பற்றியதும்கூட. அவருடைய வரவு செலவு கோர்ட்டில் தாக்கல் ஆவதற்கு முன்னால் பேரம் பேசாதீர்கள். பிரமாணப் பத்திரம் போட வேண்டிய வாய்தா நெருங்கும்போது 5 லட்சம் தானாக ஏறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சமரச மையத்துக்கு அனுப்பினால் போங்கள், மறுக்காதீர்கள், அங்கேயும் இதே கணக்கோடு போங்கள்.

முடிவில் மொத்தமாகத்தான் என்று வந்தால், மகளின் பங்கை உங்கள் பங்கோடு கலக்காமல் அவள் பெயரில் டெபாசிட் போட வையுங்கள். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து என்றால் கோர்ட்டில் இரண்டு முறை போய் நிற்க வேண்டும். முதல் முறை பாதி, கடைசியாகச் சம்மதம் சொல்லும் முன் மீதி, இரண்டும் டிமாண்ட் டிராப்டாக. பின்தேதியிட்ட செக்கை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் செக் கேஸ் நடத்திக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் நகையும் சீர்வரிசையும் ஜீவனாம்சத்தில் சேராது, அது முழுக்க உங்கள் சொத்து. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, எங்கே இருக்கிறது? பட்டியல் எழுதி, கல்யாண ஆல்பத்தையும் எடுத்து வையுங்கள்.

உத்தரவு வந்த பிறகு கட்டாமல் இருந்தால் நிறைவேற்று மனு. 144-ம் பிரிவு பாக்கிக்கு வாரண்ட் கேட்க, தொகை கட்ட வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும், அதைத் தவற விடாதீர்கள். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. உள்ளே போய்விட்டு வந்தாலும் பாக்கி அப்படியேதான் நிற்கும், அதுவும் உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: 24-ம் பிரிவு இந்துக்களுக்கு, ஆனால் 144 எல்லா மதத்தவருக்கும் பொது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இந்தப் பிரிவில் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது.

வக்கீல் பீஸுக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், இல்லையென்றால் 15100-க்கு போன் செய்யுங்கள். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார்கள் என்று அண்ணன் சொல்லக்கூடும். நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், திருப்தி இல்லையென்றால் மாற்றிக் கேட்கலாம்.

சம்மனில் முதல் வாய்தா 19-ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நீங்களோ உங்கள் வக்கீலோ ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கிவிட முடியும். அண்ணனை அனுப்பினால் போதாது. பள்ளியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, சம்மன், கல்யாணப் பத்திரிகை, ஆதார், அந்த 100 ரூபாய் பத்திரத்தின் நகல், சி.எஸ்.ஆர்., உங்கள் சம்பளச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு 17-ஆம் தேதிக்குள் சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். செலான் புத்தகம் கிடைத்தால் அசலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.